பேரரசின் வீழ்ச்சி: மாண்டெஸ்கியுவும் கிப்பனும்

அரசுகளின் தோற்றமும் மறைவும் இறைவன் திருவுள்ளத்தின்வழி நிகழ்வன என 1681இல் பொசுவே எழுதினார். அரை நூற்றாண்டிற்குப் பின், 1734இல், உரோமரின் ஏற்றத்தையும் தாழ்வையும் ஆராய்ந்து மாண்டெஸ்கியு வெளியிட்ட சிறுநூல் வேறு வழியிற் சென்றது. உலகை ஆள்வது ஊழன்று. ஒவ்வோர் அரசிலும் உள்நின்று இயங்கும் பொதுக் காரணங்களே என்பது அவர் துணிபு.

அக்காரணங்களுள் தலையாயது யாது? உரோமை உயர்த்திய போர்களே அதனைச் சிதைத்தன என்கிறார் அவர். தொலைநாடுகளில் பல்லாண்டு தங்கிப் போரிட்ட வீரர், நகரின் குடிமக்கள் என்னும் உணர்வு குன்றித் தம் படைத்தலைவர்க்கே உரியராயினர். குடியுரிமை இத்தாலி எங்கும் பரவவே, நகரத்தாரைப் பிணித்த ஒருமையுணர்வும் தளர்ந்தது. ஆக்கமும் அழிவும் ஒரே வித்தில் முளைத்தன என்னும் இக்கருத்தே அந்நூலின் உயிர்நாடி.

இனி, கிப்பனை நோக்குவோம். உரோமப் பேரரசின் தளர்ச்சியும் வீழ்ச்சியும் பற்றிய அவருடைய நூல் 1776 முதல் 1788 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. கிறித்துவ சமயமே வீழ்ச்சிக்குக் காரணம் என்பது அவர் முடிபு எனக் கூறுவார் பலர். முதல் தொகுதியின் 15, 16ஆம் இயல்கள் எழுப்பிய பூசலே இவ்வெண்ணத்தை வேரூன்றச் செய்தது. ஆயின், 1781இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியின் இறுதியில் உள்ள பொதுக் கருத்துரைகளைக் கற்பார்க்கு உண்மை புலனாகும். அளவிறந்து பெருகிய அரசு தன் சுமையாலேயே சரிந்தது என்பதே அவர் ஆண்டு முதன்மையாகக் கூறுவது. புதிய சமயம் வீழ்ச்சியை விரைவித்திருக்கலாம் எனக் கருதும் அவரே, அது வென்றோரின் கடுமையைத் தணித்தது என்றும் ஒப்புகின்றார். ஆகவே, கிப்பன் மாண்டெஸ்கியுவின் வழிவந்தவர் எனக் கொள்வதே பொருந்தும்.

எனினும், இருவர் ஆராய்ச்சியிலும் ஒரு குறை உண்டு. வீழ்ச்சி எவர்க்கு இழப்பு என்னும் வினா அவர்கள் நூல்களில் உரிய இடம் பெறவில்லை. உரோம உலகில் அடிமைகளின் தொகை உரிமை பெற்றோர் தொகைக்குக் குறையாதது எனக் கிப்பன் 2ஆம் இயலில் மதிப்பிடுகின்றார். அடுத்த இயலிலேயே, கி.பி. 96 முதல் 180 வரையுள்ள காலத்தை மாந்தர் இன்பமும் வளமும் மிக்கு வாழ்ந்த காலமெனப் போற்றுகின்றார். ஒருவன் குணத்தைச் சார்ந்து நின்றமையின் அவ்வின்பம் நிலையற்றது என்பதை உணர்ந்த அவர், மக்களுட் பாதியர் அவ்வின்பத்திற்குப் புறம்பானவர் என்பதை ஆண்டு எண்ணிப் பாரார்.

இவ்வினாவை அக்காலத்தவர் அறியாதவரல்லர். இரு இந்தியப் பகுதிகளிலும் ஐரோப்பியர் நிறுவிய குடியேற்றங்களைப் பற்றி ரெயினால் பெயரால் வந்த நூலின் 1780ஆம் ஆண்டுப் பதிப்பில், தீதரோ தம் பெயர் தோன்றாது பல பகுதிகள் எழுதினார். பிறர் வாழும் நிலத்தைக் கைக்கொள்ள ஐரோப்பியர்க்கு என்ன உரிமை என அவர் வினவினார். 1781இல், கிப்பனின் மூன்றாம் தொகுதி வெளிவந்த அதே ஆண்டில், பாரிசு முறைமன்றம் அந்நூலைத் தீயிலிடப் பணித்தது.

பேரரசு ஏன் வீழ்ந்தது என்பதற்கு மாண்டெஸ்கியுவும் கிப்பனும் தந்த விடை இன்றும் மதிக்கத்தக்கது. ஆயினும், அது நின்ற காலத்தில் எவர் தோள்மேல் நின்றது என்பதையும் உடன் வினவினாலன்றி வரலாற்று ஆராய்ச்சி நிறைவுறாது என்பது எம் கருத்து.