சிலப்பதிகாரத்தில் நீதி விசாரணை

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை அரச நீதியின் உயர்வைக் காட்டுவதாகப் பலராலும் போற்றப்பட்டு வந்துள்ளது. தவறுணர்ந்த கணமே பாண்டியன் உயிர்துறந்தமை அதற்குச் சான்றாகக் கூறப்படும். எனினும், தீர்ப்பு எவ்வாறு பெறப்பட்டது என நோக்குமிடத்து வேறொரு சித்திரம் புலனாகின்றது.

கொலைக்களக் காதையில், தேவியின் ஊடல் தணிக்க விரையும் மன்னன் பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டவுடன் ஆணையிடுகிறான். அவ்வாணை நிபந்தனையற்றதன்று, கள்வன் கையிலிருப்பது தேவியின் சிலம்பாயின் அவனைக் கொல்க என்பதே அதன் பொருள். ஆனால் அது தேவியினுடையதுதானா என்பதைச் சோதிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டியவனிடமே விடப்படுகிறது. அவனே உண்மைக் கள்வன் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

காவலர் தயங்காமலில்லை. கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கொல்லப்படத்தக்கவன் அல்லன் என்கின்றனர். பொற்கொல்லனோ களவு நூல் கூறும் எண்வகை உபாயங்களை விரித்து அவர்களை மடக்குகிறான். ஒரு காவலன் தன் பழைய அனுபவமொன்றை எடுத்துரைக்கிறான். தோற்றம், நூல், அனுபவம் என மூவகை நியாயங்களும் பேசப்படுகின்றன. சிலம்பினுள் இருப்பது யாதென எவரும் வினவவில்லை. கோவலனிடம் ஒரு வினாவேனும் தொடுக்கப்படவில்லை. வாதம் முடியுமுன் மதுமயக்குற்ற ஒருவனின் வாள் வழக்கை முடித்துவிடுகிறது. இவையனைத்தையும் காப்பியம் ஊழ்வினையின் பயனாக விளக்குகிறது.

முத்தா மாணிக்கமா என்ற எளிய சோதனை வழக்குரை காதையிலேயே நிகழ்கிறது. அச்சோதனை முன்னரும் இயலக்கூடியதாகவே இருந்தது. கொலைக்குப் பின்னர் நிகழ்ந்தமையால் அது உண்மையை நிலைநாட்டிற்றேயன்றி உயிரைக் காக்கவில்லை.

மன்னனின் மரணம் அவனது நேர்மைக்குச் சான்றாகலாம். விசாரணை முறைமைக்குச் சான்றாகாது. அம்முறைமை திருந்தவில்லை என்பதை நீர்ப்படைக் காதை உணர்த்துகின்றது. பின்வந்த வெற்றிவேற் செழியன் பத்தினிக்கென ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிடுகிறான். ஒருவனின் குற்றம் ஒரு தொழிற் குழுவினர் அனைவர் மீதும் சுமத்தப்படுகிறது. அங்கும் எவரும் விசாரிக்கப்படவில்லை. கோவலனுக்கு இரங்கும் நம் விமர்சன மரபு இவ்வாயிரவரைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

அரசனது தனிமனித அறத்தை நீதியின் முழுமையாகக் கொள்ளும் பார்வை முடியாட்சிக் காலத்துக்கு இயல்பானது. அதையே இன்றும் இலட்சியமாகப் போற்றுவோமாயின், தவறிழைத்த பின் வருந்தும் ஆட்சியாளரைப் புகழ்வோமேயன்றி, தவறு நிகழாது தடுக்கும் விசாரணையைக் கோரமாட்டோம்.