சொல்லாமற்போன ஒரு சொல்

வில்லியம் மாக்ஸ்வெல் (1908–2000) எழுதிய ‘ஸோ லாங், ஸீ யூ டுமாரோ’ என்னும் சிறு புதினம் 1980-இல் நூலாக வெளிவந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள லிங்கன் என்னும் சிற்றூரே அதன் களம். 1918-இல் பரவிய கொள்ளைக் காய்ச்சலின்போது தாயை இழந்த சிறுவன், முதியவனாகி அக்காலத்தை நினைவுகூருகிறான். தந்தையோ தம் துயரைப் பேசாதவர். இருவரும் வீட்டினுள் மௌனமாக முன்னும் பின்னும் நடக்கின்றனர்.

கட்டி முடியாத புதுவீட்டில் அவனோடு விளையாடியவன் க்ளீட்டஸ். இவனுடைய தகப்பன், தன் நண்பனாயிருந்த அண்டைக் குத்தகை உழவனைச் சுட்டுக் கொன்று, தன்னையும் மாய்த்துக்கொள்கிறான். பின்னொருநாள் சிகாகோவில் ஒரு பள்ளியின் நடைவழியில் சிறுவர் இருவரும் எதிர்ப்படுகின்றனர். கதைசொல்லி ஒன்றும் பேசாமல் கடந்துபோகிறான். ஐம்பது ஆண்டுகளாக அவனை உறுத்துவது இக்குற்றமே. பழைய செய்தித்தாள்களும் கற்பனையும் துணையாக, க்ளீட்டஸின் இல்லத்தை எழுத்தில் மீண்டும் கட்டுகிறான்.

இதனைப் பாவ அறிக்கை எனலாம். ஆயினும் மன்னிக்க வேண்டியவன் அங்கில்லை. நினைவுகூருதலே பரிகாரமாகிவிடும் என்று ஆசிரியர் எங்கும் கூறவில்லை. நூலின் நேர்மை அதிலேயே உள்ளது. நாயின் உள்ளத்திற்குள்ளும் புகும் பகுதிகள் மட்டும் சற்று மிகையெனத் தோன்றுகின்றன.

எரிகோ வழியில் சென்ற ஆசாரியன் எவரையும் அடிக்கவில்லை. கண்டும் கடந்துபோனதே அவன் குற்றம். அடக்க ஆராதனைகளில் பெரியோருக்கு ஆறுதல் கூறிவிட்டு, சுவரோரம் நின்ற பிள்ளையிடம் பேசாமல் நாமும் திரும்பியிருக்கிறோம். ஊழியத்திற்கு ஆயத்தமாகும் மாணவர் இந்நூலைப் படிப்பது நலம்.