யார் காலண்டர் சரி?

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறரைக்கு காலிங் பெல். கதவைத் திறந்தால் சாஸ்திரிகள், கையில் தர்ப்பைக் கட்டோடு. "என்ன சார், இன்னும் ஸ்நானம் ஆகலையா?" என்றார். அம்மாவின் திதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது என்று என் போன் சொல்லியிருந்தது. டாப்லெட்டும் அதையே சொன்னது. திருச்சியில் அண்ணாவின் போனும் அதையே. மூன்று கருவிகளும் ஒற்றுமையாக, ஒரே குரலில் தப்பாகச் சொன்னால் அதற்கும் 'ஸிங்க்' என்றுதான் பெயர்.

அண்ணாவுக்கு போன் செய்தேன். பதினோரு நாள் கழித்து வருவதற்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், "நீ பண்ணிடு" என்று வைத்துவிட்டார். பதினாறு வருஷத்தில் அவர் இல்லாமல் நடந்த முதல் திதி அது.

மனைவி என்னைக் கூப்பிட்டு அடுக்களைச் சுவரைக் காட்டினாள். மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர். 'காஸ் மாத்தியது', 'பால் அரை லிட்டர் கூட' இவற்றுக்கு நடுவே அந்தச் செவ்வாய் மேல் பென்சிலில் வட்டம். "போன்லயும் ஆவணியிலேயே மாத்தி வெச்சேன். நீங்கதான் யாரோ திருப்பி மாத்தியிருக்கீங்க."

இந்த 'யாரோ'வைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. முந்தின வருஷம் நான் திதியைப் பதியும்போது 'வருடாவருடம்' என்று ஒரு டிக் அடித்திருந்தேன். அது இங்கிலீஷ் தேதியைப் பிடித்துக்கொண்டது. மனைவி ஆவணியில் சரியான நாளுக்கு நகர்த்தினாள். அதே சமயம் அண்ணா ரயிலில், சிக்னல் இல்லாத இடத்தில், அதே பதிவைத் திறந்து 'வாழை இலை சொல்லணும்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அவர் போனில் இருந்தது பழைய தேதி. ரயில் ஊருக்குள் நுழைந்து சிக்னல் வந்ததும், பழைய தேதியும் வாழை இலையும் சேர்ந்து எல்லோர் போனுக்கும் போய்விட்டன. கடைசியாக வந்தவன் பேச்சே சட்டம். யாரும் கேட்கவில்லை, 'அம்மா, நீங்க வேற தேதி போட்டிருக்கீங்களே, எது சரி?' என்று.

இதைத்தான் நான் குறை சொல்கிறேன். குடும்பக் காலண்டர் என்று விற்கப்படும் எதற்கும் குடும்பம் என்றால் என்னவென்று தெரியவில்லை.

சங்கதி புதிதல்ல. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் எப்படி ஒப்புக்கொள்வது என்பதைப் பற்றி லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே எழுதிவிட்டார். காலண்டர் பதிவுகளைப் பரிமாற ஐகாலண்டர் என்ற பொது வடிவம் 1998-ல் வந்தது. அதில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனி அடையாள எண் உண்டு. கால்டேவ் என்ற நெறிமுறை 2007-ல். இதில் சர்வர் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு முத்திரை தரும். நீங்கள் திருத்தி அனுப்பும்போது பழைய முத்திரையையும் சேர்த்துக் காட்டினால், 'இது நடுவில் மாறிவிட்டது' என்று சர்வர் திருப்பி அனுப்பலாம். அருமையான ஏற்பாடு. திருப்பி அனுப்பிய பிறகு என்ன செய்வது? அது ஆப் எழுதியவர் இஷ்டம். சிலர் உங்களைக் கேட்பார்கள். பலர் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தாங்களே முடிவெடுத்துவிடுவார்கள்.

உங்களில் சிலருக்கு பாம் பைலட் ஞாபகமிருக்கலாம். 1996-ல் வந்தது. தொட்டிலில் உட்காரவைத்துப் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டரோடு பேசும். இரண்டு பக்கமும் ஒரே பதிவை மாற்றியிருந்தால் அது இரண்டையும் வைத்துக்கொள்ளும். ஒரே கல்யாணம் இரண்டு தடவை தெரியும். அசிங்கம்தான். ஆனால் நேர்மை. பார்ப்பவர் ஏதோ தகராறு என்று புரிந்துகொண்டு வீட்டில் விசாரிப்பார்.

மற்றக் குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கூகுள் காலண்டர் 2006-ல் வந்தது. பகிர்வதில் இன்றும் அதுதான் மேல். ஆனால் ஐபோனின் சொந்தக் காலண்டரில் அதைச் சேர்த்தால், மற்றவர் உங்களோடு பகிர்ந்தது தெரியாமல் போகலாம். அதற்கென்று ஒளித்து வைத்திருக்கும் ஒரு தனிப் பக்கத்தில் போய் டிக் அடிக்க வேண்டும். ஆப்பிளின் ஐகிளவுட் காலண்டரை ஆண்ட்ராய்டில் நேராகச் சேர்க்க வழியே வைக்கவில்லை. வீட்டில் ஒருத்தர் அது, ஒருத்தர் இது என்று வைத்திருந்தால் மத்தியஸ்தத்துக்கு மூன்றாவது ஆப் வேண்டும். 'லிங்க் அனுப்பறேன், சேர்த்துக்கோ' என்பது வேறு வகை: அது பார்க்க மட்டும். கூகுளில் சேர்த்தால் மாற்றம் வந்துசேர 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். மத்தியானம் தள்ளிப்போட்ட டாக்டர் அப்பாயின்ட்மென்ட் நடுராத்திரி தெரியவரும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்று. பேத்தியின் பிறந்தநாளை 'முழுநாள்' என்று போடாமல் இரவு 12 முதல் மறுநாள் இரவு 12 வரை என்று போட்டுவிட்டால், நியூஜெர்சியில் அது முந்தின நாள் பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கும், குளிர்காலத்தில் ஒன்றரைக்கு. குழந்தைக்கு இரண்டு பாதிப் பிறந்தநாள்.

ஆனால் என் பெரிய புகார் அந்த 'வருடாவருடம்' என்ற டிக் மேல்தான். திதி சந்திரன் கணக்கு. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் சுமார் 354 நாள். அதனால் நம் ஊர்க் கணக்கில் தமிழ் மாதத்துக்குள்ளேயே திதி ஒரு வருஷம் 11 நாள் முன்னால் வரும். மாதத்தை விட்டு வெளியே போகப் பார்த்தால் ஒரே தாவாகத் தாவி 18, 19 நாள் பின்னால் போகும். சில மாதங்களில் ஒரே திதி இரண்டு தடவைகூட வரும். ஜென்ம நட்சத்திரமும் இப்படித்தான். இதையெல்லாம் சிவகாசியில் அச்சடிக்கிற தினசரி காலண்டர், ராகு காலம் எமகண்டத்தோடு, கிழிக்கிற தாளில் போட்டுவிடுகிறது.

கம்ப்யூட்டர்காரர்கள் முயற்சி செய்யாமல் இல்லை. கிரிகோரியன் அல்லாத காலண்டர்களில் நிகழ்ச்சி திரும்ப வருவதற்கு 2015-ல் ஒரு விதிமுறை எழுதினார்கள். சீனப் புத்தாண்டுக்கு இடமிருக்கிறது, ஹீப்ரூவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் இருக்கிறது. இந்தியா என்ற பெயரிலும் ஒன்று அவர்கள் பட்டியலில் உண்டு. ஆசையாகப் பார்த்தேன். 1957-ல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட சக காலண்டர். சூரியக் கணக்கு, அதில் திதியே கிடையாது. அந்தத் தேதியை வைத்து உங்களில் யாராவது ஒரு சீமந்தம் செய்திருக்கிறீர்களா?

எங்கள் வீட்டில் இப்போது எல்லோரும் ஒரே கம்பெனியின் ஆப்பை, எந்த போனானாலும், போட்டுக்கொண்டுவிட்டோம். ஸ்கூல் மீட்டிங், பல் டாக்டர், கரன்ட் பில் வகையறாவுக்கு நன்றாகவே இருக்கிறது. திதிக்கு 'வருடாவருடம்' கிடையாது. பஞ்சாங்கம் பார்த்து ஒவ்வொரு வருஷமும் புதிதாக, அதுவும் மனைவி மட்டும்தான் போடுவது என்று ஒப்பந்தம்.

அண்ணாவுக்கு இதிலும் நம்பிக்கை இல்லை. ஜனவரியில் மளிகைக் கடைக் காலண்டர் வந்ததும் மனைவிக்கு போன் செய்தார். "ஐப்பசியைப் புரட்டி வட்டம் போட்டாச்சாம்மா? போட்டுட்டு அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பு." அனுப்பினாள். அதைப் பிரின்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாராம். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை கூப்பிட்டும் கேட்பாராம்.