கொஜிமா போனேன், நீலமாகித் திரும்பினேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நிதானமாக எழுத என்னால் ஆகாது. மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன், மூன்று தடவையும் இரண்டாவது வரியிலேயே எழுந்துபோய் பீரோவைத் திறந்து அந்த ஜீன்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். 44 வயசு, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஒரு கால்சட்டை வாங்குவதற்காக ஜப்பானில் ரயில் மாறி ரயில் மாறி ஒரு கடலோரச் சின்ன ஊருக்குப் போனவன் நான். இன்னொரு தடவை போ என்று சொல்லுங்கள், இப்பவே செருப்பை மாட்டிக்கொள்கிறேன்.

ஊர் பெயர் கொஜிமா. ஒகாயாமா மாகாணத்தில், குராஷிகி நகரத்தோடு சேர்ந்தது. ஒசாகாவில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழனிடம், "மாப்ள, ஒரு நாள்தான் மிச்சம் இருக்கு, கொஜிமா போலாம்" என்றேன். "கியோட்டோல கோயில் இருக்கு, நாராவுல மான் இருக்கு, அதையெல்லாம் விட்டுட்டு பேண்ட் எடுக்கப் போறானாம்" என்று திட்டினான். திட்டிக்கொண்டே கூட வந்தான், அவன்தான் நண்பன். ஒகாயாமாவில் மரைன் லைனர் ரயிலைப் பிடித்தால் அரை மணி நேரத்துக்குள் கொஜிமா. அங்கே இறங்காமல் தூங்கிவிட்டால் ரயில் பாட்டுக்குச் செட்டோ பெரும்பாலத்தில் ஏறிக் கடலைத் தாண்டி ஷிகோகு தீவுக்குப் போய்விடும். தூக்கமா, எனக்கா? முந்தின ராத்திரியே தீபாவளிக்கு முதல் நாள் பிள்ளை மாதிரி புரண்டு புரண்டு படுத்தவன்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரயிலை விட்டு இறங்குகிறீர்கள், ஸ்டேஷனே ஜீன்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிறது! படிக்கட்டில் ஜீன்ஸ் படம், டிக்கெட் கேட்டில் ஜீன்ஸ் படம், எந்தப் பக்கம் திரும்பினாலும் நீலம். வெளியே வந்து ஒரு கால் மணி நேரம் நடந்தால் அஜினோ கடைவீதி. ஷட்டர் இறங்கிப் போய்க்கிடந்த பழைய வீதியாம் அது, 2009 வாக்கில் ஊர்க்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து அதை 'ஜீன்ஸ் ஸ்ட்ரீட்' ஆக்கியிருக்கிறார்கள். திரும்பினேன், நின்றுவிட்டேன். வீதிக்குக் குறுக்கே இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் கொடி கட்டி, நம் வீட்டு மொட்டை மாடியில் காயப்போடுவது மாதிரி, வரிசையாக ஜீன்ஸ் தொங்குகிறது! கடல் காற்றில் அத்தனை காலும் ஒரே நேரத்தில் ஆடுகிறது, திருவிழாவுக்குத் தோரணம் கட்டியிருப்பது போல. நான் "டேய்... டேய்..." என்று மட்டும்தான் சொன்னேனாம். நண்பன் அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறான், பார்த்தால் மானம் போகும்.

என்னுடைய கிறுக்கு நேற்று ஆரம்பித்ததில்லை. 1995-ல் அர்விந்த் மில் 'ரஃப் அண்ட் டஃப்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஜீன்ஸாகத் தைத்து வராது. டெனிம் துணி, ஜிப், ரிவெட், லேபிள் எல்லாம் ஒரு பாக்கெட்டில் இருக்கும், நம்மூர் டெய்லரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ள வேண்டியது. எங்கள் சென்னிமலை டெய்லர் இரண்டு ஊசியை உடைத்துவிட்டு, "இது பேண்ட்டுத் துணியா, லாரித் தார்ப்பாயா தம்பி" என்று கேட்டார். தொடை தொளதொளவென்று, கணுக்காலில் இறுக்கிப் பிடித்த அந்த விநோதத்தைப் போட்டுக்கொண்டு தேர் பார்க்கப் போனேன். அன்றைக்குப் பிடித்த பேய்தான்.

ஆனால் கொஜிமா ஏன்? அதைச் சொல்லாமல் எப்படி! பெயரிலேயே இருக்கும் 'ஜிமா' என்றால் தீவு. நிஜமாகவே ஒரு காலத்தில் தீவாக இருந்த இடம், நடுவில் இருந்த கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். உப்பு ஊறின மண்ணில் நெல் வருமா? உப்பைத் தாங்குகிற பருத்தியைப் போட்டார்கள். பருத்தி வந்ததும் நூல், நூல் வந்ததும் தறி. பட்டை நாடா நெய்தார்கள், தாபி என்கிற துணிக் காலுறை தைத்தார்கள், அப்புறம் பள்ளிக்கூட யூனிஃபார்ம். நாடெங்கும் பிள்ளைகள் போட்ட யூனிஃபார்மில் பெரும்பகுதி இந்த ஊரில்தான் தைத்ததாம். பாலியஸ்டர் வந்து அந்தத் தொழிலை ஆட்டிப் பார்த்தபோது, தடித்த துணியைத் தைத்துப் பழகின கைகள் சும்மா இருக்குமா? 1965-ல் மருவோ என்ற கம்பெனி அமெரிக்காவிலிருந்து டெனிம் துணியை வரவழைத்து இங்கேயே ஜீன்ஸ் தைத்தது. அதுதான் பின்னால் 'பிக் ஜான்'. 1973-ல் துணியும் ஜப்பானிலேயே, குராபோ ஆலையில் நெய்ததாகிவிட்டது. அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த உழைப்பாளிக் கால்சட்டையை எடுத்து, அவனே தேடி வந்து வாங்குகிற மாதிரி செய்துவிட்டார்கள்! சென்னிமலைக்காரன் எனக்கு இந்தக் கதை வெறும் வரலாறாகத் தெரியவில்லை. பெட்ஷீட்டும் துண்டும் நெய்து பிழைத்த ஊரில் பிறந்தவனுக்குத் தெருவெல்லாம் பங்காளி வீடு மாதிரி இருந்தது.

சரி, கடைக்குள்ளே வாருங்கள், சீக்கிரம் வாருங்கள்! பெரிய பிராண்டு கடைகளை நான் பார்க்காமல் விடவில்லை. பின்பாக்கெட்டில் இரண்டு வெள்ளைப் பட்டை போட்ட மோமோதாரோவுக்குள் நுழைந்து, கைத்தறியில் நெய்த டெனிமில் தைத்த ஜீன்ஸ் என்று ஒன்றைப் பார்த்து, விலை ஏறத்தாழ இரண்டு லட்சம் யென் என்று கேள்விப்பட்டு, நம்மூர்க் காசில் ஒரு லட்சம் தாண்டுதே சாமி என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஆனால் என்னைக் கவிழ்த்தது ஒரு சின்னக் கடை. பழைய மர வீடு, கதவைத் தள்ளினதும் ஒரு வாசனை அடித்தது பாருங்கள்! புதுத்துணிக் கஞ்சி வாசனை, அதோடு மண்ணும் பச்சிலையும் கலந்த மாதிரி ஒரு நீல வாசனை. நீலத்துக்கு வாசனை உண்டா என்று கேட்காதீர்கள், உண்டு, நான் மோந்து பார்த்தேன். வரிசையாகத் தொங்கின ஜீன்ஸ்களுக்கு நடுவில் தலையை விட்டு மூச்சை இழுத்தேன். கல்லாவில் இருந்த பெரியவர் பார்த்துவிட்டார். வெட்கத்தில் நான் தலையை எடுப்பதற்குள் அவர் எழுந்து வந்து, இன்னும் கருநீலமாக ஒன்றை உருவி என் மூக்குக்கு நேராக நீட்டினார். அந்த நொடியில் முடிவு பண்ணிவிட்டேன், வாங்கினால் இந்த மனுஷனிடம்தான்.

அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜப்பானியம் தெரியாது, நண்பன் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தான். ஆனால் பெரியவர் ஜீன்ஸின் காலை வெளிப்பக்கமாக மடித்துவிட்டு உள் தையலைக் காட்டினாரே, அதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு? வெள்ளைக் கரை, நடுவில் ஒரு சிவப்பு இழை! நம் வேட்டிக்கு இருக்குமே, அதே கரை! உலகம் முழுக்க 'செல்வெட்ஜ்' என்று சொல்லி ஜீன்ஸ் பித்தர்கள் உருகுவது இதற்குத்தான். புதுத் தறிகளில் துணி அகலமாக, வேகமாக வரும், ஆனால் ஓரம் பிசிறடிக்கும், வெட்டித் தைத்து மூட வேண்டும். ஊடை நூலைக் குறுக்கே இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் திரும்பி வருகிற பழைய தறியில்தான் நூல் அறுபடாமல் மடங்கித் திரும்பும், கரை தானாக விழும். அகலம் ஒரு முழமும் முக்கால் முழமுமாகத்தான் வரும், மெதுவாகத்தான் வரும், ஒரு ஜீன்ஸுக்கு மூன்று கஜம் தின்னும். அந்தத் தறி யாருடையது தெரியுமா? டொயோடா! கார் விற்கிறார்களே, அவர்கள் குடும்பத்துத் தொழில் முதலில் தறிதான். சகிச்சி டொயோடா 1924-ல் செய்து முடித்த தானியங்கித் தறியின் வம்சம்தான் இந்த ஊர்ப்பக்கம் டெனிமை இன்னும் கடகடவென்று நெய்துகொண்டிருக்கிறது. நான் பிறந்த வீட்டில் ராத்திரி தூக்கத்தில் கேட்ட சத்தம் கைத்தறிச் சத்தம், என் தாத்தா நெய்த துண்டிலும் கரை இருந்தது, ஆயுசில் ஒரு நாள்கூட அதை உற்றுப் பார்த்ததில்லை நான். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து, முன்பின் தெரியாத ஒருத்தர் கடையில், சிவப்பு இழை போட்ட ஒரு கரையைப் பார்த்துத் தொண்டை அடைத்துக்கொண்டது. அழவில்லை. ஏறக்குறைய அழுதேன், அவ்வளவுதான்.

போட்டுப் பார்த்தேனா, அதுதான் தமாஷ். துவைக்காத, கஞ்சி இறங்காத டெனிம், 15 அவுன்ஸுக்கு மேல் கனம், தகரத்தில் தைத்த மாதிரி இருக்கிறது! இடுப்புப் பட்டனைப் போட இரண்டு பேர் தேவைப்பட்டது, என் தொப்பைக்கும் அதில் பங்குண்டு. குனிய முடியவில்லை, உட்கார்ந்தால் முழங்காலுக்குப் பின்னால் வெட்டுகிறது, நடந்தால் இரண்டு காலும் உரசி 'சரக் சரக்' என்று சத்தம். "எப்படிடா இருக்கு?" என்றான் நண்பன். "சூப்பரா இருக்குடா!" என்றேன், மூச்சு விடாமல். ஏறக்குறைய 28,000 யென். அதை ரூபாயாக மாற்றிச் சொல்ல மாட்டேன், இதை வீட்டிலும் படிப்பார்கள்.

எனக்கு உயரம் குறைவு, காலில் ஒரு சாணுக்கு மேல் மிச்சம். பெரியவர் சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரிக்கோலை எடுத்து, கரகரவென்று வெட்டி, மூலையில் இருந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். யூனியன் ஸ்பெஷல், அமெரிக்கப் பழைய மெஷின், கால்மடிப்பை மட்டும் தைப்பதற்கென்றே செய்தது. மேலே பார்த்தால் சாதாரணத் தையல், உள்ளே திருப்பினால் சங்கிலி சங்கிலியாக ஓடுகிறது! இந்தத் தையல் துணியைக் கொஞ்சம் இழுத்து முறுக்கிக்கொண்டே போவதால், துவைக்கத் துவைக்கக் கால் விளிம்பு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, மேடு வெளுத்துப் பள்ளம் கறுத்து நிற்குமாம். அந்த முறுக்குக்காகவே இந்த மெஷினைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தப் பைத்தியக்கார ஜாதிதான்! மெஷின் ஒரு உறுமல் உறுமி, ஒரு சுற்று சுற்றி நின்றது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, எனக்கு மயிர்க்கூச்செறிந்து அடங்க அதைவிட நேரம் ஆனது.

அப்புறம் அவர் செய்ததுதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வெட்டி எடுத்த துண்டிலிருந்து நெடுக்கே ஓடும் ஒரே ஒரு பாவு நூலை நகத்தால் உருவினார். கருநீல நூல். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து எதிர்ப்பக்கமாக முறுக்கைப் பிரித்தார். உள்ளே பாருங்கள், தும்பைப்பூ வெள்ளை! பாவு நூலைக் கயிறு கயிறாகத் திரித்து நீலத் தொட்டியில் முக்கி முக்கி எடுப்பார்கள், தொட்டியை விட்டு வரும்போது மஞ்சளும் பச்சையுமாக இருக்கும், காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே நீலமாகும். எத்தனை முக்கு முக்கினாலும் நீலம் நூலின் தோலோடு நின்றுவிடும், நடுத்தண்டு வரைக்கும் இறங்காது. அதனால்தான் உரசுகிற இடமெல்லாம் வெளுக்கிறது. முழங்கால் மடிப்பு, தொடை இடுக்குக் கோடுகள், செல்போன் வைக்கிற பாக்கெட், நீங்கள் நடந்த நடை, உட்கார்ந்த உட்கார்வு எல்லாம் ஒவ்வொன்றாகத் துணியில் எழுந்து வரும், உங்கள் ஜீன்ஸ் மாதிரி இன்னொன்று உலகத்தில் இருக்காது. பெரியவர் அந்தத் துண்டு இரண்டையும் தாளில் மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தார். நான் இரண்டு கையாலும் வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கோயில் பிரசாதம் மாதிரி. நண்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

குறையே இல்லையா என்பீர்கள். நான் போனது வார நடுவில், சில கடை பூட்டிக் கிடந்தது. நல்லதுதான், திறந்திருந்தால் கடனாளியாகியிருப்பேன். திரும்புகிற வழியில் குராஷிகியில் நீல நிறத்தில் ஒரு டெனிம் கொழுக்கட்டை விற்றார்கள், ஆவியில் வேகவைத்த பன், உள்ளே பன்றிக்கறி. பார்க்க இங்கி பாட்டிலில் விழுந்தது மாதிரி இருந்தது. அதையும் தின்றேன், நல்லாத்தான் இருந்தது. ராத்திரி அறையில் ஜீன்ஸைத் தரையில் நிறுத்தினேன், ஆள் இல்லாமல் தானாக நின்றது! அதோடு நான் செல்ஃபி எடுத்தேன். காலையில் எழுந்தால் போர்வையில் நீலம், உள்ளங்கையில் நீலம், மூக்கு நுனியில்கூட நீலம்.

சென்னை வெயிலில் இதைப் போட முடியுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. முடியும். வேர்க்கும், கால் இரண்டும் இட்லிப் பானையில் வைத்தது மாதிரி இருக்கும், ஆனால் முடியும். ஐந்து மாசம் துவைக்கவில்லை, மனைவி ஜீன்ஸுக்குத் தனி அறை பார்க்கச் சொன்னாள். வெள்ளை சோபா உறையில் நான் உட்கார்ந்த இடம் மட்டும் மேகம் மாதிரி நீலம், அதைப் பற்றி இங்கே விரிவாகப் பேச வேண்டாம். போன வாரம் முழங்காலுக்குப் பின்னால் முதல் வெள்ளைக் கோடு விழுந்தது, ஆபீஸ் லிஃப்டில் வைத்துப் பார்த்தேன், பக்கத்தில் நின்றவரிடம் காட்டிவிட்டேன். யாரென்றே தெரியாது அவரை.

ஊருக்குப் போனபோது பெரியவர் கொடுத்த இரண்டு துண்டையும் அம்மாவிடம் காட்டி, ஒன்றைக் கொடுத்தேன். சின்ன வயதில் தாத்தாவின் தறிக்கு நூலைத் தார் சுற்றிக் கொடுத்தவள். விலையைக் கேட்டாள், நான் காதில் விழாத மாதிரி இருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தையலைப் பிரித்து, கரையைக் கட்டைவிரல் நகத்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நீவிப் பார்த்தாள். "நாடா ஓடுன துணியப்பா இது. கரையப் பாரு, என்னமா வுழுந்திருக்குது" என்றாள். எனக்கு விருது கொடுத்த மாதிரி இருந்தது!

மறுநாள் காலையில் சமையலறைக்குப் போனேன். அந்தத் துண்டை நாலாக மடித்துப் பிடித்து அடுப்பிலிருந்து பால் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்ல கனங் கண்ணு, சுடவே இல்ல" என்றாள். "இன்னொன்னு வெச்சிருந்தியே, அது எங்க?"