ஒரே கூரை, ஏழு வகுப்பு

கோடை விடுமுறை முடியும் தறுவாயில் நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், ஏதோ ஒரு மூலையில், நாலு வரிச் செய்தி வரும். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மாணவர் சேர்க்கை. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் என ஏழு பிரிவு. மூன்றாண்டுப் படிப்பு. வயது 12 முதல் 25 வரை. ஏழாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். நாதசுரம், தவில், தேவாரம் மூன்றுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். சில ஆண்டுகளாக வந்த அறிவிப்புகளின்படி கட்டணம் ஆண்டுக்கு 350 ரூபாய்; பள்ளி மாணவருக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகை மாதம் 400 ரூபாய். வாங்குவதைவிடக் கொடுப்பது அதிகம். கலை பண்பாட்டுத் துறை இப்படி 17 பள்ளிகளை நடத்துகிறது. பிள்ளையைப் பாட்டு கிளாஸுக்கு அனுப்பிவிட்டு வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருக்கும் பெற்றோரில் பலருக்கு இது தெரியாது.

குருகுலத்தின் இடத்துக்குப் பாடத்திட்டமும் மணியடித்து மாறும் வகுப்புகளும் வந்து ஏறத்தாழ நூறாண்டு ஆகப்போகிறது. சிதம்பரத்தில் 1929-இல் இசைக் கல்லூரி. சென்னையில் மியூசிக் அகாடமியின் ஆசிரியர் கல்லூரி 1931-இல். அதன் முதல் முதல்வர் டைகர் வரதாச்சாரியார். 1936-இல் கலாக்ஷேத்ரா. 1949-இல் தொடங்கிய அரசு இசைக் கல்லூரிக்கு முசிரி சுப்பிரமணிய ஐயர் முதல்வரானார். அடையாற்றங்கரை பிராடி மாளிகையில் இன்று இயங்குவது அந்தக் கல்லூரிதான். இசைக்கும் கவின்கலைக்கும் தனிப் பல்கலைக்கழகம் 2013-இல் வந்தது.

இவற்றுள் கலாக்ஷேத்ராவை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். அதன் புகழுக்குக் காரணமாக அடவின் சுத்தத்தைச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதை நிறுவிய ருக்மிணி தேவி செய்த பெரிய காரியம் வேறு என்று எனக்குப் படுகிறது. மைசூர் வாசுதேவாச்சாரியாரைப் போன்ற சாகித்திய கர்த்தாவை நடன வளாகத்துக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தார். ராமாயண நாட்டிய நாடகங்களுக்கு வாசுதேவாச்சாரியார் இசையமைத்தார்; 1961-இல் அவர் மறைந்தபின் பேரன் எஸ். ராஜாராம் அந்தப் பணியை முடித்தார். ஆடக் கற்ற பிள்ளைகளின் காதில் நாள் முழுக்கப் பாட்டு விழுந்தது. பாடகர்களுக்கும் காலின் கணக்கு கண்முன்னே இருந்தது. அந்தத் தரம் பாதி இந்தச் சேர்க்கையில் பிறந்தது.

மாவட்ட இசைப்பள்ளியில் அந்தச் சேர்க்கைக்கான வசதி அமைப்பிலேயே இருக்கிறது. ஏழு கலையும் ஒரே கூரையின் கீழ். ஆனால் பெரும்பாலான கதவுகள் சாத்தியே கிடக்கும். நடன வகுப்பில் தட்டுக்கழி தட்டும் ஓசை ஓய்ந்து உருப்படி தொடங்கியதும் செல்போனை ஸ்பீக்கரில் மாட்டிவிடுவது தனியார் வகுப்புகளில் சகஜமாகிவிட்டது. அங்கே பாட ஆள் இல்லை, மன்னிக்கலாம். நாலு சுவர் தள்ளிக் குரலிசை வகுப்பு நடக்கும் இடத்திலும் அதே செல்போன் என்றால் என்ன சொல்வது? பாட்டு வகுப்பில் சொல்லித் தருவது தான வர்ணம், ஆட்டத்துக்கு வேண்டியது பத வர்ணம், இரண்டும் ஒட்டாது என்று பதில் வரும். சரி, ஜதிஸ்வரம் இருக்கிறதே! சாகித்தியம் கிடையாது, வெறும் ஸ்வரம். சரளி, ஜண்டை, அலங்காரம் தாண்டி வந்த இரண்டாம் ஆண்டுப் பிள்ளை அதைத் தாராளமாகப் பாடலாம்.

பாட்டையும் மிருதங்கத்தையும் இப்படிச் சேர்ப்பதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் அறிவுரை வழங்குவது நியாயமில்லை. பெண்பிள்ளைகள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள்; ஆண்குரல் ஒன்று, ஒன்றரைக்கு இறங்கும். ஹெச்சு சுருதிக்கு உரிய மிருதங்கம் உருவில் சிறியது, தக்கு சுருதிக்கு உரியது பெரியது. ஒன்றை மற்றதன் சுருதிக்கு இழுத்தால் வார் தாங்காது, தளர்த்தினால் நாதம் செத்துப்போகும். ஆகவே இரண்டு வகையும் வேண்டும். வலந்தலையில் சோறு தேய்ந்தால் மூட்டு மாற்ற வேண்டும். அந்த வேலை தெரிந்தவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் "மிருதங்கம் ஐந்து" என்று எழுதினால் போதாது, எந்தச் சுருதிக்கு என்பதையும் எழுத வேண்டும்.

கதவு சாத்தாத வகுப்புகள் இரண்டு, நாதசுரமும் தவிலும். தவில் இல்லாமல் நாதசுரக்காரருக்குப் பிழைப்பு இல்லை, தவில்காரருக்கும் அப்படியே. தொடக்கத்தில் இருவருக்கும் தனித்தனிப் பாடுதான். நாதசுரம் தொடங்கும் பையனுக்குச் சீவாளியில் காற்று நிற்கவே நாள் பிடிக்கும்; கன்னம் வலிக்கும், ஷட்ஜம் ஒரு நாள் வரும், மறுநாள் போகும். தவில்காரப் பையன் வலக்கை விரல்களில் கூடு மாட்டிப் பழக வேண்டும், இடக்கைக் கழி தொப்பியில் சரியான இடத்தில் விழ வேண்டும். ஓரளவு கை வந்ததும் இருவரையும் எதிரெதிரே உட்கார்த்தி ஒரு மல்லாரியை எடுக்கச் சொன்னால் அன்றைய வகுப்பு தானே நடக்கும்.

முகூர்த்த நாளில் இந்த இரு வகுப்புகளிலும் வருகைப் பதிவேடு இளைத்துவிடும். பையன் ஏதோ ஒரு செட்டோடு கல்யாணத்துக்குப் போயிருப்பான். அதை ஆப்சென்ட் என்று குறிப்பது சட்டப்படி சரி. என்னைக் கேட்டால், தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்துக்குக் கையைப் பார்த்து நிற்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத பாடம். ஆசிரியரும் அதே ஊர் வித்வானாக இருந்தால் கண்டும் காணாமல் விடுவார்.

படித்து முடித்தவருக்கு என்ன வழி என்ற கேள்விக்குப் பிரிவுக்குப் பிரிவு பதில் வேறு. அறநிலையத் துறைக் கோயில்களில் ஓதுவார், நாதசுரம், தவில் பணியிடங்களுக்கு இசைப்பள்ளிச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று சேர்த்துக்கொண்ட மூன்று பிரிவுகளுக்கே கோயில் வேலைக்கு நேரான வழி இருக்கிறது. குரலிசைக்காரர் பள்ளிக்கூடப் பாட்டு ஆசிரியராக வேண்டுமானால் லோயர், ஹையர் பரீட்சைகள், ஆசிரியர் பயிற்சி என்று சுற்றி வர வேண்டும். மேலே படிக்க விரும்புகிறவருக்குச் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. 10 முதல் 14 வயதுக்குள் இருப்பவர் மத்திய அரசின் சி.சி.ஆர்.டி. உதவித்தொகைக்கு எழுதிப்போடலாம், 18 வயது வரை மாவட்டக் கலை மன்றத்தின் கலை இளமணி விருது உண்டு. வானொலி ஆடிஷன் பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று தரம் பிரிக்கிறது. பக்கவாத்தியக்காரருக்கும் அதே ஏணிதான். ஆடுகிறவருக்குச் சிதம்பரத்தில் 1981 முதல் நடந்துவரும் நாட்டியாஞ்சலி, அதைப் பார்த்துப் பல சிவத்தலங்களில் தொடங்கிய நாட்டியாஞ்சலிகள். மேடைக்குக் குறைவில்லை. பக்கவாத்தியமாக உட்கார்ந்து பழகும் வாய்ப்புத்தான் குறைவு. ஆண்டுவிழாவில்கூட வயலின் மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே கீர்த்தனையை வாசித்துவிட்டு இறங்குவார்கள். ஒரு பாடகியின் பின்னால் அரைக்கணம் தாமதித்து நிழல்போல் வாசிக்கும் வித்தையைச் சபை பார்ப்பதில்லை.

இதை மாற்றப் புதுத் திட்டம், புது நிதி என்று காத்திருக்க வேண்டாம். தேர்வில் கை வைத்தால் போதும். இசைத் தேர்வு என்றாலே மாணவர் தனியாகப் போய் உட்கார்ந்து, தேர்வாளர் கேட்டதை ஒப்பித்துவிட்டு வருவது என்று ஆகியிருக்கிறது. மூன்றாம் ஆண்டுச் செய்முறைத் தேர்வில் குரலிசை, வயலின், மிருதங்கம் மூவரையும் சேர்த்து இருபது நிமிடம் உட்காரவைக்கலாம்: ஒரு வர்ணம், ஒரு கீர்த்தனை, கொஞ்சம் கற்பனாஸ்வரம், நாலு ஆவர்த்தனம் தனி. நடன மாணவிக்குச் சொந்தப் பள்ளி மாணவரே பாட வேண்டும் என்று விதிக்கலாம். தேவார மாணவரின் பண்ணை நாதசுர மாணவர் அதே இடத்தில் வாங்கி வாசிக்கட்டும். மதிப்பெண் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே இருக்கலாம். ஆனால் அதில் கால்பங்காவது, பக்கத்தில் இருப்பவர் தடுமாறியபோது இவர் என்ன செய்தார் என்பதற்குப் போக வேண்டும்.