சிறகு முளைத்த குழந்தைகள்

ஓசூர் நகரம் வளர வளர, புதிய வீடுகளின் முற்றங்களில் சிமெண்டில் வார்த்த சிறகுக் குழந்தைகளும் பெருகிவருவதைக் காண்கிறோம். உப்பிய கன்னம், சுருண்ட முடி, கையில் ஒரு மலர்க்கூடை. நம்மவர் இவற்றைச் 'சம்மனசு' என்பர். சற்றுப் படித்தோர் 'கெருபு' என்பர். இவற்றுக்கு அழகில்லை என்பது நம் வாதமன்று. இவை யார் என்பதே கேள்வி.

தோட்டத்தில் கெருபு நிற்பது புதிதன்று. மறைநூலின் முதல் கெருபுகளே ஏதேன் தோட்டத்தருகேதான் நின்றன. ஆனால் அலங்காரமாக அன்று, வாழ்வின் மரத்திற்குச் செல்லும் வழிக்குக் காவலாக (தொடக்கநூல் 3:24). உடன்படிக்கைப் பேழையின்மேல் அவை சிறகு விரித்து இரக்கத்தின் இருக்கையை மூடிநின்றன. சாலமோனின் கோவிலில் அவற்றின் உயரம் பத்து முழம். எசேக்கியேல் கண்டவற்றிற்கு நான்கு முகங்கள். கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சத்தக்க உருவம் இவற்றுள் ஒன்றுகூட இல்லை.

அப்படியெனில் இக்குழந்தை எங்கிருந்து வந்தது? பழைய உரோமையரின் காதல் தெய்வச் சிறுவனே இவன். 15ஆம் நூற்றாண்டில் தொனத்தெல்லோ போன்ற இத்தாலியச் சிற்பிகள் அவனுக்குப் புத்துயிர் அளித்தனர். 16ஆம் நூற்றாண்டில் இரபேல் தீட்டிய சிக்ஸ்துஸ் மாதா ஓவியத்தின் அடியில், முகவாயில் கைவைத்துச் சாய்ந்திருக்கும் சிறுவர் இருவரும் இம்மரபினரே. பிப்ரவரி 14ஆம் நாளுக்காக ஓசூர் ரோஜாக்கள் கடல் கடந்து செல்கின்றனவே, அந்நாளின் வாழ்த்து அட்டைகளில் வில்லேந்தி நிற்பவனும் இவன்தான்!

அலங்காரமே தவறு என்போமா? இல்லை. 787இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் வானதூதரின் திருவுருவங்களையும் ஏற்றது. உரோமையில் தைபர் ஆற்றுப் பாலத்தின்மேல் பெர்னினி வடிவமைத்த பத்து வானதூதர்கள் நிற்கின்றனர். பாலத்திற்கு அணிகலன்கள்தாம், ஆயினும் ஒவ்வொருவர் கையிலும் ஆண்டவருடைய பாடுகளின் கருவி ஒன்று உள்ளது. 'தூதர்' என்பது இயல்பின் பெயரன்று, பணியின் பெயர் எனப் புனித அகுஸ்தினார் கற்பித்தார். பணியற்ற தூதர் வெறும் சிறகே. இதுவே நம் அளவுகோல்.

முற்றத்துப் பொம்மை பெருந்தீங்கு செய்யாது. ஆனால் அதே உருவம் குழந்தையின் கல்லறைமேல் ஏறும்போது, "என் பிள்ளை சம்மனசாகிவிட்டது" என்று தாய் தேறுகிறாள். அவளுடைய கண்ணீரின்முன் நாம் வாதாடப்போவதில்லை. எனினும், மனிதர் வானதூதராக மாறுவர் எனத் திருச்சபை கற்பிப்பதில்லை. உடலின் உயிர்ப்பையே அறிக்கையிடுகிறது. அவள் பெற்றுப் பெயரிட்ட அதே பிள்ளை உயிர்த்தெழும் என்பது, சிறகு முளைக்கும் என்பதைவிடப் பெரிய ஆறுதல் அன்றோ?

கிருஷ்ணகிரிக் கருங்கல் அயல்நாட்டுக் கல்லறைகளுக்கும் செல்கிறது. நம் கல்லறைகளில் அக்கல்லில் தூதரைச் செதுக்கினால், அவர் பிள்ளையாக வேண்டாம். பிள்ளையின் காவலராக நிற்கட்டும். சிறியோருடைய தூதர்கள் விண்ணகத் தந்தையின் முகத்தை எப்பொழுதும் காண்கிறார்கள் என்றார் ஆண்டவர் (மத்தேயு 18:10). அந்த முகத்தை நோக்கி அவர் நிற்கட்டும்.