கையெழுத்தில் முடிவதும் முடியாததும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மக்கள் தேர்ந்தெடுத்த புதிய ஆளுநர் ஜோஷ் ஷாப்பிரோ, 2023 ஜனவரி 17 அன்று பதவியேற்றார். மறுநாளே முதல் நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார்: மாநில அரசுப் பணிகளில் 92 விழுக்காட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 65,000 பணியிடங்களுக்கு, இனி நான்காண்டுப் பட்டம் கட்டாயமில்லை. அனுபவமும் கைத்திறனும் இருந்தும் பட்டம் இல்லாததால் விண்ணப்பிக்கக்கூட முடியாதிருந்தவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. முழுமனதுடன் வரவேற்க வேண்டிய ஆணை. அரசு தானே போட்ட பூட்டைத் திறக்கச் சட்டமன்றத்தின் சாவி தேவையில்லை.

அதே ஆண்டு ஜூன் 11 அன்று பிலடெல்பியாவில் டேங்கர் லாரி தீப்பற்றி, ஐ-95 நெடுஞ்சாலையின் பாலம் இடிந்தது. ஆளுநர் அவசரநிலை அறிவித்து வழக்கமான நடைமுறைகளைத் தளர்த்தினார். மறுசுழற்சிக் கண்ணாடியில் செய்த எடை குறைந்த கற்களைக் கொட்டிப் பள்ளத்தை நிரப்பினார்கள். மழை குறுக்கிட்டபோது, கார்ப் பந்தயத் திடலில் ஓடுதளத்தை உலர்த்தும் ஜெட் இயந்திரத்தைக் கொண்டுவந்து ஈரத்தைப் போக்கினார்கள். 12 நாளில் போக்குவரத்து தொடங்கிவிட்டது. அந்த மாநிலத்தில் அவசரநிலை அறிவிப்பு 21 நாளுக்கு மேல் நீடிக்கச் சட்டமன்றம் இசைய வேண்டும் என்று 2021இல் வாக்காளர்களே வரம்பு கட்டியிருந்தார்கள். அந்த வரம்புக்குள்ளேயே தற்காலிகச் சாலை திறந்துவிட்டது. கடிவாளம் இருந்தால் வேகம் கெடும் என்பவர்களுக்கு இது நல்ல பதில்.

ஆனால் எல்லாம் பாலம் அல்ல. ஷாப்பிரோ மாநிலத் தலைமை வழக்கறிஞராக இருந்தபோது, 2018இல் வெளிவந்த பெருநடுவர் குழு அறிக்கைதான் அவரை நாடறியச் செய்தது. கத்தோலிக்க மறைமாவட்டங்களில் 300க்கும் மேற்பட்ட பாதிரியார்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறாருக்குச் செய்த கொடுமையை அது அம்பலப்படுத்தியது. காலக்கெடு கடந்துபோன பாதிக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடரச் சட்டம் மாற வேண்டும். 2023 பிப்ரவரியில் கீழவை அதற்கான மசோதாவை நிறைவேற்றியது. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் கையிலிருந்த மேலவையில் அது தேங்கிப்போனது. இங்கே ஆணை எதுவும் உதவாது. சிறுவயதில் சிதைக்கப்பட்டு, இன்று முதுமையை நெருங்குபவர்கள் காத்திருக்கிறார்கள்.

நிர்வாக ஆணையின் இன்னொரு குறை அதன் ஆயுள். அடுத்த ஆளுநர் நினைத்தால் ஒரே கையெழுத்தில் ரத்துசெய்துவிடலாம். தவிர, வேகத்தையே சாதனையாகப் பேசிப் பழகிவிட்டால், எதிர்க்கட்சியோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து இணக்கம் தேடும் சலிப்பான வேலைக்குக் கைதட்ட ஆளிருக்காது. அரசியல்வாதிகள் கைதட்டல் கிடைக்கும் பக்கமே போவார்கள்.

அந்த இணக்கம் எட்டத் தாமதமானதால், 2025இல் ஜூன் 30க்குள் முடிந்திருக்க வேண்டிய பட்ஜெட், நவம்பர் 12 அன்றுதான் கையெழுத்தானது. அதுவரை மாநில நிதி வராமல் பள்ளிகளும் சேவை அமைப்புகளும் திண்டாடின. பழி ஆளுநர் ஒருவருக்கே உரியதல்ல; மேலவைக்கும் பெரும்பங்கு உண்டு. ஆனாலும் ஓர் ஆளுநரை எடைபோட அந்த 12 நாளைவிட இந்த நான்கரை மாதமே சரியான அளவுகோல்.